நாள் தள்ளிப்போன பிறகு தொடங்கும் மாத்திரை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தமிழ் நாளிதழ்களின் மருத்துவப் பக்கங்களிலும் மகளிர் இணைப்புகளிலும் ஒரு வரி திரும்பத் திரும்ப வருகிறது: ‘கர்ப்பம் உறுதியானதும் ஃபோலிக் அமில மாத்திரையைத் தொடங்க வேண்டும்.’ நல்லெண்ணத்தோடுதான் எழுதுகிறார்கள். ஆனால் ‘உறுதியானதும்’ என்ற அந்த ஒரு சொல், கருவின் மூளையிலும் தண்டுவடத்திலும் குறை வராமல் தடுப்பது என்ற, இந்த வைட்டமின் மாத்திரையின் தலையாய வேலையையே இல்லாமல் செய்துவிடுகிறது. அந்தச் சொல்லை மாற்ற வேண்டும் என்று கேட்கவே இந்தக் கடிதம். நீளத்தைப் பொறுத்துக்கொள்ள வேண்டுகிறோம்.

ஒரு காலண்டரை எடுத்து வைத்துக்கொண்டு பார்த்தால் விஷயம் விளங்கிவிடும். ஒரு பெண்ணுக்கு ஜூன் 1ஆம் தேதி மாதவிலக்கு. 28 நாள் சுழற்சி உள்ளவர் என்றால் கரு உருவாவது ஜூன் 14, 15 வாக்கில். அடுத்த மாதவிலக்கு வர வேண்டிய நாள் ஜூன் 29. கருவின் முதுகுப் பக்கத்தில் தட்டையாகக் கிடக்கும் ஒரு தகடு இரு விளிம்புகளும் மடிந்து எழும்பி, நடுவில் ஒட்டி, ஒரு குழாயாக மாறுகிறது. இதுதான் நரம்புக் குழாய். இதன் மேல் பாதி மூளையாகவும் கீழ்ப் பாதி தண்டுவடமாகவும் வளரும். மடிந்து ஒட்டும் வேலை கரு உண்டான மூன்றாம் வாரக் கடைசியில் தொடங்கி 28ஆம் நாளுக்குள் முடிந்துவிடுகிறது. நம் காலண்டரில் அது ஜூலை 12 அல்லது 13. நாள் தள்ளிப்போனதற்கும் குழாய் மூடுவதற்கும் இடையே இருப்பது இரண்டே வாரம்.

இந்த இரண்டு வாரத்தில் நம் வீடுகளில் நடப்பது என்ன? இன்னும் நான்கு நாள் பார்ப்போம் என்று காத்திருப்பார்கள். பிறகு கடையில் பட்டை வாங்கி வீட்டிலேயே சோதனை. இரண்டு கோடு தெரிந்தால் மாமியாரிடமோ அம்மாவிடமோ சொல்லி, நல்ல நாள் பார்த்து மருத்துவரிடம் போவார்கள். முதல் மாத்திரை நாக்கில் படும்போது குழாய் மூடியிருக்கும், அல்லது மூட வேண்டிய இடத்தில் திறந்தபடி நின்றுபோயிருக்கும். அதன் பிறகு எத்தனை மாத்திரை கொடுத்தாலும் நின்றுபோன குழாய் மூடாது. அரசு வற்புறுத்துகிறபடி 12 வாரத்துக்குள் கர்ப்பத்தைப் பதிவு செய்கிறவர்களை நாம் பொறுப்பானவர்கள் என்கிறோம், பொறுப்பானவர்கள்தான். ஆனால் நரம்புக் குழாய் மூடாத இந்த ஒரு குறையைப் பொறுத்தவரை, 12ஆம் வாரம் (கடைசி மாதவிலக்கிலிருந்து எண்ணுவது) என்பது ஆறு வாரத் தாமதம்.

குழாய் மேல்முனையில் மூடாவிட்டால் மண்டை ஓடும் மூளையின் பெரும்பகுதியும் உருவாகாது. இதை அனென்செஃபலி என்பார்கள். அந்தக் குழந்தை வயிற்றிலேயே இறக்கும், அல்லது பிறந்து சில மணி நேரமோ சில நாளோ தாங்கும். கீழே மூடாவிட்டால் ஸ்பைனா பைஃபிடா. முதுகில், பெரும்பாலும் இடுப்புக்குச் சற்று மேலே, மெல்லிய தோல் மூடிய அல்லது தோலே இல்லாத ஒரு பை. பலர் இதை ‘முதுகில் கட்டி’ என்று சொல்லிக்கொண்டு வருவார்கள். கட்டி என்று நினைத்து அழுத்தவோ மருந்து தடவவோ கூடாது. கிருமி நீக்கிய உப்புநீரில் (சலைன்) நனைத்த தூய துணியால் மூடி, குழந்தையைக் குப்புறப் படுக்க வைத்து, நரம்பு அறுவை சிகிச்சை வசதியுள்ள இடத்துக்கு உடனே அனுப்ப வேண்டும். இரண்டு மூன்று நாளுக்குள் மூடவில்லை என்றால் கிருமி தண்டுவடத்துக்குள் ஏறும் ஆபத்து கூடிவிடும். மூடிய பிறகும் பல குழந்தைகளுக்குத் தலையில் நீர் கோக்கும், அதை வடிக்க ஷன்ட் என்ற குழாய் வைக்க வேண்டிவரும். கால்கள் எவ்வளவு அசையும் என்பது பை எந்த மட்டத்தில் இருந்தது என்பதைப் பொறுத்தது. பெற்றோர் அதிகம் கேள்விப்படாதது சிறுநீர்ப்பை. அது தானாகக் காலியாகாது. தினமும் சில மணி நேரத்துக்கு ஒருமுறை மெல்லிய குழாய் செலுத்திக் காலி செய்யக் கற்றுக்கொள்ளாவிட்டால், நடக்கக்கூடிய குழந்தையும் சிறுநீரகம் கெட்டுப் படுத்துவிடும்.

இந்தியாவில் நடந்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள் ஆயிரம் பிறப்புக்கு நான்கு என்ற அளவில் இக்குறைகள் இருப்பதாகக் கணக்கிட்டிருக்கிறார்கள். ஃபோலிக் அமிலம் கலந்த மாவு உண்ணும் நாடுகளில் இது பல மடங்கு குறைவு.

தாயின் உடலில் ஒரு வைட்டமின் குறைந்தால் பிள்ளையின் உறுப்பே உருவாகாமல் போகும் என்பது 1933இல்தான் முதன்முதலாகத் தெளிவானது. டெக்சாஸில் ஃபிரெட் ஹேல் என்பவர் வைட்டமின் ஏ இல்லாத தீவனம் கொடுத்து வளர்த்த பன்றி, கண்விழியே இல்லாத குட்டிகளை ஈன்றது. அதே காலத்தில் நம் பம்பாயில் லூசி வில்ஸ் என்ற ஆங்கிலேய மருத்துவர், நூற்பாலைத் தொழிலாளிகளான கர்ப்பிணிகளின் சோகை ஈஸ்ட் சாற்றால் குணமாவதை 1931இல் எழுதினார். அந்தச் சாற்றில் இருந்த மருந்துதான் பின்னால் கீரையிலிருந்து பிரிக்கப்பட்டு, இலை என்று பொருள்படும் லத்தீன் சொல்லால் ஃபோலிக் அமிலம் என்று பெயர் பெற்றது. ஃபோலேட்டின் (உணவில் இயற்கையாக உள்ள இதே வைட்டமினின்) கதை இந்திய ஏழைத் தாய்மாரிடம் தொடங்கியது என்பதை நாம் மறந்துவிட்டோம்.

சந்தேகத்துக்கு இடமில்லாத சான்று 1991இல் வந்தது. ஏழு நாடுகளின் 33 மையங்களில், ஏற்கெனவே இக்குறையுள்ள பிள்ளையைச் சுமந்த பெண்களிடம் நடந்த ஆய்வு அது. மறுபடியும் குறை வந்த 27 கர்ப்பங்களில் 21, ஃபோலிக் அமிலம் பெறாதவர்களுடையவை. ஆறு மட்டுமே பெற்றவர்களுடையவை. மறு ஆண்டு ஹங்கேரியில் செய்செல் என்ற மருத்துவரின் குழுவினர், முதல் முறை கருத்தரிப்பவர்களுக்கும் இது பயன்படும் என்று காட்டினர். 1999இல் வெளியான சீன ஆய்வில் சுமார் இரண்டரை லட்சம் பெண்கள். தினமும் வெறும் 400 மைக்ரோகிராம். குறை மிகுந்திருந்த வடக்குப் பகுதியில் ஆயிரத்துக்கு 4.8 என்று இருந்தது 1.0 ஆக இறங்கியது. ஏற்கெனவே குறைவாக இருந்த தெற்கில் 1.0 என்பது 0.6 ஆனது. பற்றாக்குறை எங்கே ஆழமோ அங்கே பலன் பெரிது. நமக்கு எது பொருந்தும் என்று சொல்ல வேண்டியதில்லை. எல்லாக் குறையையும் மாத்திரை தடுத்துவிடாது என்பதையும் இதே எண்கள் சொல்கின்றன. அதை மறைத்து வாக்குறுதி தரக்கூடாது.

இனி அளவு. குழந்தைக்கு முயலும் எந்தப் பெண்ணும் தினம் 400 மைக்ரோகிராம், அதாவது 0.4 மில்லிகிராம், எடுக்க வேண்டும். கருத்தரிப்பதற்குக் குறைந்தது ஒரு மாதம் முன்பிருந்து, கர்ப்பத்தின் 12ஆம் வாரம் முடியும்வரை. ஒரு மாதம் என்பது கடைசிக் கெடு. சிவப்பணுவுக்குள் ஃபோலேட் வேண்டிய மட்டத்துக்கு ஏற எட்டு முதல் பன்னிரண்டு வாரம் பிடிக்கும் என்பதால், மூன்று மாதம் முன்னால் தொடங்கச் சொல்வதே எங்கள் பழக்கம். எந்த மாதம் கரு நிற்கும் என்று யாருக்கும் தெரியாததால், கருத்தடையை நிறுத்தும் முடிவும் மாத்திரையைத் தொடங்கும் முடிவும் ஒரே நாளில் நடக்க வேண்டும். காப்பர் டி எடுக்க வரும் பெண்ணை ஃபோலிக் அமிலம் இல்லாமல் திருப்பி அனுப்பக்கூடாது.

முன்பு இக்குறையுள்ள கர்ப்பம் கண்டவர், தனக்கோ கணவருக்கோ பிறவியிலேயே இக்குறை இருப்பவர், வலிப்புக்கு மாத்திரை சாப்பிடுபவர், கர்ப்பத்துக்கு முன்பே சர்க்கரை நோய் உள்ளவர் ஆகியோருக்கு இந்த அளவு போதாது. இவர்களுக்கு மருத்துவர் தினமும் 5 மில்லிகிராம் எழுதுவார். சத்து மாத்திரை நான்கைந்தைச் சேர்த்து விழுங்கி இந்த அளவை எட்ட முயலக்கூடாது. அவற்றில் உள்ள வைட்டமின் ஏ சேர்ந்து வேறு கேடு செய்யும்.

நம் மருந்துக் கடைகளில் ‘ஃபோலிக் ஆசிட்’ என்று கேட்டால் எடுத்துத் தருவது பெரும்பாலும் 5 மில்லிகிராம் மாத்திரை. சாதாரணப் பெண்ணுக்கு வேண்டியதைப் போல் பன்னிரண்டரை மடங்கு. அட்டையில் 5 எம்.ஜி. என்று இருக்கிறதா, 400 எம்.சி.ஜி. என்று இருக்கிறதா என்று பார்த்து வாங்க வேண்டும். அந்தச் சிறிய 5 மில்லிகிராம் மாத்திரையைக் கத்தியால் கீறி நான்காக்குவதில் பயனில்லை. துண்டுகள் சமமாக வராது. 400 கிடைக்காத ஊரில், ஒன்றும் போடாமல் இருப்பதைவிட 5 மில்லிகிராமே போடுவது மேல் என்பது எங்கள் கருத்து. ஆனால் கீழே சொல்லும் பி12 விஷயத்தைப் பார்த்துக்கொண்டுதான். மரபணுக் கோளாறு இருக்கலாம் என்று பயமுறுத்தி, மெத்தில் ஃபோலேட் என்ற விலை உயர்ந்த வடிவத்தை விற்கிறார்கள். மேலே சொன்ன ஆய்வுகள் நடந்தது ஓரிரு ரூபாய் விலையுள்ள சாதாரண ஃபோலிக் அமிலத்தில்தான். அந்த மரபணு வேறுபாடு உள்ளவர்களுக்கும் அதுவே போதும்.

மசக்கை வந்ததும் எல்லா மாத்திரையையும் நிறுத்திவிடுகிறார்கள். குமட்டலைக் கூட்டுவது இரும்புச் சத்து. ஃபோலிக் அமிலம் தனியாக எடுத்தால் வயிற்றைப் புரட்டாது. எந்த வேளையிலும் போடலாம். முதல் மூன்று மாதம் ஃபோலிக் அமிலம் மட்டும், பிறகு இரும்பும் சேர்ந்த சிவப்பு மாத்திரை என்று அரசு பிரித்து வைத்திருப்பதற்கு இதுவும் உதவுகிறது.

அந்தச் சிவப்பு மாத்திரையைப் பற்றியும், பள்ளிகளில் வளரிளம் பெண்களுக்கு வாரம் ஒன்று தரும் நீல மாத்திரையைப் பற்றியும் ஒரு தவறான நிம்மதி நிலவுகிறது. இரண்டிலும் 60 மில்லிகிராம் இரும்பும் 500 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலமும் உள்ளன. கர்ப்பிணி தினமும் எடுக்கும்போது அது சரி. வாரம் ஒருமுறை எடுப்பவருக்கு ஏழு நாளுக்கும் சேர்த்து 500 மைக்ரோகிராம்தான். வார மாத்திரையில் 2.8 மில்லிகிராம் ஃபோலிக் அமிலம் இருக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. தினசரி 0.4 மில்லிகிராமை ஏழால் பெருக்கினால் வரும் எண் அது. நம் மாத்திரையில் இருப்பது அதில் ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை. சோகைக்காக வகுத்த மாத்திரை சோகைக்கு உதவும். நரம்புக் குழாயைக் காக்க அது வகுக்கப்படவில்லை. ‘பள்ளியிலிருந்தே சத்து மாத்திரை சாப்பிட்டவள்தானே’ என்று இருந்துவிடக்கூடாது.

செறிவூட்டிய அரிசியும் அப்படித்தான். உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் தரப்படி ஒரு கிலோவில் இருக்க வேண்டிய ஃபோலிக் அமிலம் 75 முதல் 125 மைக்ரோகிராம். நாளைக்கு 300 கிராம் அரிசி சமைத்துச் சாப்பிடும் பெண்ணுக்கு அதிலிருந்து வருவது அதிகம் போனால் 38 மைக்ரோகிராம். அரிசியைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. மாத்திரைக்கு அது மாற்றாகாது என்பதற்காகச் சொல்கிறோம். அமெரிக்காவில் 1998 முதல் சட்டப்படி மாவில் சேர்ப்பது 100 கிராமுக்கு 140 மைக்ரோகிராம். சிலியில் 2000இல் தொடங்கியபோது 220.

கீரை சாப்பிட்டால் போதாதா என்ற கேள்வி எப்போதும் வரும். கீரை நல்லது; பச்சைப்பயறு, கொண்டைக்கடலை, காராமணி நல்லவை; தினமும் இருக்கட்டும். ஆனால் கணக்கைப் பாருங்கள். 100 கிராம் பச்சைப் பாலக் கீரையில் சுமார் 140 மைக்ரோகிராம் ஃபோலேட். வேகவைத்து நீரை இறுத்தால் பாதி போய்விடும்; எஞ்சுவது 70. உணவில் உள்ள ஃபோலேட் மாத்திரையைவிடக் குறைவாகவே உடலில் ஏறுவதால், அந்த 70க்கு மாத்திரைக் கணக்கில் மதிப்பு ஏறக்குறைய 42. நானூறை எட்ட நாள்தோறும் ஒரு கிலோவை ஒட்டிய கீரை வேண்டும். கீரையைக் கழுவிய பின் நறுக்குங்கள், மூடி வேகவையுங்கள், வெந்த நீரோடு கடையுங்கள், மாத்திரையும் போடுங்கள்.

பி12க்கு வருகிறோம். நம் ஊரில் இதைச் சொல்லாமல் ஃபோலிக் அமிலத்தைப் பேசுவது பாதிப் பேச்சு. செல் பெருகும்போது மரபணுப் பொருளை நகலெடுக்க ஃபோலேட் வேண்டும். பி12 இல்லையென்றால், உடலில் உள்ள ஃபோலேட் பயன்படாத ஒரு வடிவத்தில் சிக்கிக்கொண்டு நின்றுவிடுகிறது. இரத்தத்தில் ஃபோலேட் அளவு நன்றாகவே காட்டும், வேலை நடக்காது. 2009இல் வெளியான அயர்லாந்து ஆய்வில், கர்ப்பத்தின்போது பி12 மில்லி லிட்டருக்கு 250 பிகோகிராமுக்குக் கீழே இருந்த பெண்களுக்கு நரம்புக் குழாய்க் குறையுள்ள பிள்ளை உண்டாகும் வாய்ப்பு இரண்டரை முதல் மூன்று மடங்கு. கருத்தரிக்கும் முன் 300க்கு மேல் இருப்பது நல்லது என்று அவர்கள் எழுதினார்கள். பல ஆய்வகங்களில் 200ஐ ஒட்டிய எண்ணுக்கு மேலே இருந்தாலே ‘நார்மல்’ என்று அச்சாகி வரும். கருத்தரிக்க இருக்கும் பெண்ணுக்கு அந்த நார்மல் போதாது.

பி12 விலங்கிலிருந்து வரும் உணவில்தான் உண்டு: பால், தயிர், முட்டை, மீன், இறைச்சி. சைவ வீடுகளில் மட்டும்தான் குறையும் என்று நினைக்க வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை மட்டும் கறி எடுத்து, அதிலும் குழம்பைப் பெண்ணும் துண்டை மற்றவர்களும் சாப்பிடும் வீட்டில் என்ன மிஞ்சும்? பழைய சோற்றிலும் இட்லி மாவிலும் பி12 கொட்டிக்கிடக்கிறது என்று பரவும் செய்தியை நம்பி இருக்க முடியாது. சுருள்பாசி (ஸ்பைருலினா) மாத்திரையில் இருப்பது பெரும்பாலும் நம் உடல் பயன்படுத்த முடியாத போலி வடிவம். சினைப்பை நீர்க்கட்டிக்காக மாதக்கணக்கில் மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை நோய் மாத்திரை சாப்பிடும் பெண்கள் இன்று ஏராளம். குழந்தைக்காக ஏங்கிக்கொண்டிருப்பவர்களும் அவர்களே. மெட்ஃபார்மின் பி12 உறிஞ்சப்படுவதைக் குறைக்கும். அவர்களுக்குப் பி12 பார்க்காமல் 5 மில்லிகிராம் ஃபோலிக் அமிலம் மட்டும் எழுதித் தருவது ஆபத்து: சோகை சரியானதுபோல் தோன்றும், நரம்பு உள்ளுக்குள் பாதிக்கப்படும்.

மருந்துகளில் மிகவும் கவனிக்க வேண்டியது வால்ப்ரோயேட். வலிப்புக்கும் சில மனநோய்களுக்கும் தருவது. முதல் வாரங்களில் இதை எடுப்பவர்களில் நூற்றில் ஒருவர் இருவருடைய குழந்தைக்கு ஸ்பைனா பைஃபிடா வருகிறது. ஃபோலிக் அமிலம் இதை முழுதும் ஈடுகட்டாது. அதற்காக மாத்திரையைத் தானாக நிறுத்தவே கூடாது. நிறுத்தினால் வரும் வலிப்பு தாயின் உயிரையே எடுக்கும். திருமணப் பேச்சு நடக்கும்போதே நரம்பியல் மருத்துவரிடம் சொல்லி மருந்தை மாற்றிக்கொள்ள வேண்டும். வலிப்பு இருப்பதை மறைத்துக் கல்யாணம் செய்து வைப்பதும், பிறகு மாத்திரையை ஒளித்து ஒளித்துச் சாப்பிடுவதும் இந்தப் பேச்சுக்கே இடமில்லாமல் செய்துவிடுகின்றன. பெற்றோர்கள் இதை நினைத்துப் பார்க்க வேண்டும். மூட்டுவாதம் போன்றவற்றுக்குத் தரும் மெத்தோட்ரெக்சேட் ஃபோலேட்டுக்கே எதிரி. அதை எடுப்பவர்கள் மருத்துவர் சொல்லும் இடைவெளி விட்டே கருத்தரிக்க வேண்டும்.

வைட்டமின் ஏ குறைந்தாலும் கேடு, கூடினாலும் கேடு. முகப்பருவுக்குத் தரும் ஐசோட்ரெட்டினாயின் இதே குடும்பத்தைச் சேர்ந்தது. நிறுத்தி ஒரு மாதமாவது ஆகாமல் கருத்தரிக்கக்கூடாது. இரத்தம் ஊற ஆட்டு ஈரல் கொடுக்கும் வழக்கத்தை முதல் மூன்று மாதம் தள்ளி வையுங்கள். ஈரலில் வைட்டமின் ஏ மிக அதிகம். முட்டை, மீன், கறி கொடுக்கலாம். முருங்கைக் கீரை, கேரட்டில் உள்ளது வேறு வடிவம். அதற்குப் பயம் வேண்டாம்.

குறையுள்ள குழந்தை பிறந்த வீட்டில் முதலில் குற்றவாளிக் கூண்டில் ஏறுவது தாய்தான். கிரகணத்தன்று வெளியே வந்தாள் என்பார்கள். சொந்தத்தில் கட்டியதால்தான் என்பார்கள். கிரகணத்துக்கும் இதற்கும் தொடர்பே இல்லை. நெருங்கிய உறவில் மணம் பல பிறவிக் குறைகளுக்குக் காரணம் என்பது உண்மை. ஆனால் சொந்தமே இல்லாத தம்பதிகளுக்கும் நரம்புக் குழாய்க் குறை வருகிறது. ஒருமுறை வந்தால் மறுமுறை வரும் வாய்ப்பு நூற்றுக்கு இரண்டு மூன்று. இந்தத் தாய்மார்களுக்கு 5 மில்லிகிராம் பற்றிய சீட்டு டிஸ்சார்ஜ் தாளோடு சேர்த்தே தரப்பட வேண்டும். துக்கத்தில் இருப்பவரிடம் அடுத்த குழந்தையைப் பற்றிப் பேசத் தயங்கி யாரும் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள். ஆறு மாதம் கழித்து அவர் மறுபடி நாள் தள்ளிய பிறகுதான் வருகிறார்.

அரசிடம் கேட்பது பெரிய திட்டம் ஒன்றுமில்லை. கருத்தரிப்பதற்கு முன்பிருந்தே தினம் 400 மைக்ரோகிராம் என்பது 2018இல் தொடங்கிய ரத்தசோகை இல்லா பாரதம் வழிகாட்டியிலேயே உள்ளது. கைக்கு வந்து சேரும் வழிதான் இல்லை. ஒவ்வொரு கிராம சுகாதார செவிலியரிடமும் கருத்தரிக்கும் வயதில் உள்ள ‘தகுதியான தம்பதியர்’ பதிவேடு இருக்கிறது. யாருக்குப் புதிதாகத் திருமணம், யார் கருத்தடையை நிறுத்தினார் என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். 2021 முதல் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்துக்கும் வீடு தேடி மாத்திரை போகிறது. அதே பையில் இன்னொரு அட்டை போகலாம். தமிழ்நாட்டில் திருமணப் பதிவு 2009ஆம் ஆண்டுச் சட்டப்படி கட்டாயம்; பதிவுச் சான்றோடு ஒரு துண்டுச் சீட்டு தரலாம். வார மாத்திரையில் ஃபோலிக் அமிலத்தை 2.8 மில்லிகிராமாக உயர்த்த மாநிலம் மத்திய அரசை வலியுறுத்த வேண்டும். உணவில் ஃபோலிக் அமிலம் சேர்த்து ஸ்பைனா பைஃபிடாவைத் தடுக்க நாடுகள் முன்வர வேண்டும் என்று 2023 மே மாதம் உலக சுகாதாரப் பேரவை தீர்மானமே நிறைவேற்றியிருக்கிறது.

இதைப் படிக்கும்போது ஏற்கெனவே ஏழெட்டு வாரம் ஆகியிருந்து, மாத்திரை எதுவும் போடாத பெண்கள் இருப்பீர்கள். பதற வேண்டாம். மாத்திரையே போடாத ஆயிரம் பேரில் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றுச் சொச்சம் பேருக்கு இந்தக் குறை வருவதில்லை. இன்றே தொடங்குங்கள், உங்கள் இரத்தத்துக்கும் குழந்தையின் வளர்ச்சிக்கும் ஃபோலிக் அமிலம் இன்னமும் தேவை. 11 முதல் 14 வாரத்துக்குள் எடுக்கும் ஸ்கேனில் மண்டை ஓடு உருவாகியிருக்கிறதா என்று தெரிந்துவிடும். முதுகுத்தண்டை முழுதாகப் பார்க்க 18 முதல் 20 வாரத்துக்குள் இன்னொரு ஸ்கேன். இந்த இரண்டாவதைத் தள்ளிப்போடாதீர்கள். ஸ்கேன் செய்பவரிடம் ‘ஃபோலிக் அமிலம் தாமதமாகத்தான் தொடங்கினேன், முதுகுத்தண்டை நன்றாகப் பாருங்கள்’ என்று வாய்விட்டுச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
மகப்பேறு மற்றும் பச்சிளங்குழந்தை நலப் பணியில் உள்ள மருத்துவர்கள், செவிலியர்கள், உணவியலாளர்கள்,
மதுரை